மலையும் ஒளியும் – 11: சேர்வராயன் கல்லில் பச்சைப் பொட்டு

சென்ற வாரம் பல்லாவரத்துக் கல்லோடு நிறுத்தியிருந்தோம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடந்த அந்தக் கருங்கல்லைப் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து ஆராய்ந்து 1893இல் எழுதியதும், சார்னாக் பெயரால் சார்னோக்கைட் என்று ஒரு பாறை இனமே உண்டானதும் நினைவிருக்கும். அதே இனத்துப் பாறையால் ஆனதுதான் சேர்வராயன் மலை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர்களைக் கவனியுங்கள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் போதும், இறங்க வேண்டியதில்லை. இரண்டு நிறம் தெரியும். புதிதாக உடைந்த முகம் கரும்பச்சை. அதில் எண்ணெய்ப் பசையான ஒரு மினுக்கு. வெயிலும் மழையும் பட்டுப் பழகிய முகம் பழுப்பு, விரிசலோரங்களில் செம்மை. மேலே ஏற ஏறச் செம்மை கூடும். 5,300 அடிக்கு மேல், சேர்வராயன் குகைக்கோயில் இருக்கும் மேட்டுக்குப் போய்விட்டால் காலடியில் சிவப்பைத் தவிர வேறில்லை. அது பாக்சைட் தரை. கோடிக்கணக்கான மழைக்காலங்கள் சார்னோக்கைட்டைக் கரைத்து, கரையக்கூடியதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டு, அலுமினியத்தையும் இரும்பையும் மட்டும் மிச்சம் வைத்த தரை. மேட்டூர் மால்கோ ஆலைக்கு அலுமினியத் தாது இங்கிருந்தும் போனது.

ஆக, சிவப்பு என்பது மழை செய்த வேலை. இரும்பு துருப்பிடித்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பையனும் சொல்லிவிடுவான். சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், மழையே படாத உட்கல்லிலும் சிவப்பு இருக்கிறது. கரும்பச்சைக் கல்லை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிகிற அந்தச் சிவப்பு, மலையின் வயதை ஒட்டியது. மழைச் சிவப்பு வேறு, அது வேறு. இரண்டும் ஹேமடைட் என்ற ஒரே கனிமம். அதை எப்படி இனம் பிரிப்பது என்பதுதான் இந்த வாரக் கதை.

கல் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த மலையில் என்றுமே பஞ்சமில்லை. 1864இல் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சி, தென்னார்க்காடு பகுதிகளின் பாறை அமைப்பைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வெளியீடாக ஓர் அறிக்கை எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1863 மே 30 அன்றுதான் ஃபூட் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கோடரியை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் குடியேறிய ஊர் ஏற்காடு. வீட்டின் பெயர் ஐவி காட்டேஜ். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் என்று சொன்னால் நம் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல் பாதிரியார்தான். அவரும் கடைசிக் காலத்தில் ஏற்காட்டுக்கே வந்து 1882இல் இங்கேயே கண்மூடினார். மாமனாருக்குச் சொல், மருமகனுக்குக் கல். இந்தக் குடும்பத்தைப் பற்றித் தனித் தொடரே எழுதலாம். ஆசிரியர் இடம் தர வேண்டும்.

ஃபூட்டிடம் இருந்த கருவிகள் சுத்தியல், கை லென்ஸ், கண். ஹாலந்து 1900இல் சார்னோக்கைட் பற்றிய பெரிய நூலை வெளியிட்டபோது, கல்லைக் கண்ணாடி போல் இழைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் கலை முதிர்ந்திருந்தது. அந்த நூலில் சேர்வராயனும் உண்டு. ஆனால் நுண்ணோக்கி உருவத்தைத்தான் காட்டும். கறுப்பாக ஒளி புகாமல் இருக்கும் இரும்புக் கனிமங்களிடம் அது கொஞ்சம் தடுமாறும். மேக்னடைட், இல்மனைட், ஹேமடைட் மூன்றையும் பிரிக்க, ஒளியை மேலிருந்து அடித்துத் திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கும் பழக்கம் வேண்டும்.

1997இல் டேனியல் ஹார்லோவ், ராபர்ட் நியூட்டன், எட்வர்ட் ஹான்சன், மைசூரின் ஏ.எஸ்.ஜனார்த்தன் ஆகிய நால்வரும் சேர்வராயன் மலைத்தொகுதியின் ஆக்சைடு, சல்பைடு கனிமங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த மலையைப் பற்றி வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை அது. பாறை ஏறத்தாழ 750 டிகிரி செல்சியஸ் சூட்டில், 8 கிலோபார் அழுத்தத்தில் வெந்து உருமாறியிருக்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல 8,000 மடங்கு. ஆழம் என்று பார்த்தால் 25 கிலோமீட்டருக்கும் கீழே. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பாறை ஒருகாலத்தில் அங்கே இருந்தது. அவர்கள் அழுத்திச் சொன்ன இன்னொரு செய்தி: அந்த ஆழத்திலேயே இந்தக் கல் நன்றாக ஆக்சிஜன் ஏறிய கல். சாதாரணமாக அவ்வளவு ஆழத்தில் இரும்பு மேக்னடைட்டாக நின்றுவிடும். இங்கே அதைத் தாண்டி ஹேமடைட் வரை போயிருக்கிறது. கூடவே பாறையிலிருந்த ரூபிடியம் வற்றிப்போயிருக்கிறது. ஏதோ ஒன்று பாறையின் இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, ஆக்சிஜனைக் கொடுத்து, ரூபிடியத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. அது கரியமில வாயுவா, அடர்ந்த உப்புநீரா என்ற வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

சேர்வராயனின் ஆதிச் சிவப்பு இதுதான். இல்மனைட் மணிக்குள் ஹேமடைட் மெல்லிய தகடுகளாக அடுக்கி நிற்கும். சூடாக இருந்தபோது இரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தவை. ஆற ஆறப் பிரிந்து, படிகத்தின் திசையை அனுசரித்து வரிவரியாக நின்றுவிட்டன. வரிகளின் அகலம் மைக்ரான் கணக்கு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இங்கேதான் நம் தொடரின் நாயகன், லேசர், வருகிறது.

திருவானைக்காவலில் பிறந்த ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தா பவ்பஜார் தெருவில் கண்டதை மூன்றாம் அத்தியாயத்தில் விரிவாகவே பார்த்தோம். இங்கே தேவையான அளவுக்கு மட்டும்: பொருளின் மேல் விழுந்து சிதறும் ஒளியில், ஏறத்தாழ கோடியில் ஒரு துகள் நிறம் மாறித் திரும்புகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. 532 நானோமீட்டர் பச்சை ஒளியைக் குவார்ட்ஸ் மேல் விட்டால், அதில் மிகச் சிறு பங்கு 545.5 நானோமீட்டராகத் திரும்பும். அந்த இடைவெளியை ஆய்வகங்களில் 464 என்ற எண்ணால் சொல்வார்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை என்ற கணக்கில் வரும் எண் அது. பெரும்பாலான கனிமங்களுக்கு இப்படி ஓர் எண் வரிசை உண்டு. மேக்னடைட்டுக்கு 668 பக்கம் ஒரு மேடு. ஹேமடைட்டுக்கு 225, 292, 411, இன்னும் தள்ளி 1320 பக்கம் ஒன்று.

ராமன் காலத்தில் பாதரச விளக்கை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில், சில படிகங்களுக்கு நாள்கணக்கில், புகைப்படத் தகட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். 1960இல் லேசர் பிறந்தது. இரண்டே ஆண்டில் அதை ராமன் நிறமாலைக்குப் பயன்படுத்தியும் விட்டார்கள். 1970களின் நடுவில் பிரான்சின் லில் நகரத்தில் லேசரையும் நுண்ணோக்கியையும் ஒரே கருவியாக இணைத்தார்கள். அன்று முதல், ஒரு மைக்ரான் அகலப் புள்ளியைக் குறி வைத்து 'நீ யார்' என்று கேட்க முடிகிறது. சில விநாடிகளில் பதில் வந்துவிடும்.

அண்மையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சேர்வராயன் கல் ஒன்றை இப்படிப் பார்க்க வாய்த்தது. மலைச்சாலையோரம் சரிந்து கிடந்த உடைகல்தான். அதை வைரப் பல் வைத்த ரம்பத்தில் தீப்பெட்டி அளவுக்கு அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, கார்போரண்டம் பொடியில் தேய்த்து, கடைசியில் டயமண்ட் பேஸ்ட் போட்டு மெருகேற்றியிருந்தார்கள். கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தால் டியூப்லைட்டின் பிம்பம் வளையாமல் தெரிந்தது. மெருகு சரியில்லாவிட்டால் இந்த வேலைக்கே உதவாது. இரும்புக் கனிமங்களுக்குள் பச்சை ஒளி ஒரு மைக்ரான் ஆழம்கூடப் போகாது. நாம் படிப்பது முழுக்க முழுக்க மேற்பரப்பைத்தான். கீறலும் பிசிறும் இருந்தால் அவையும் கதை சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஆய்வு மாணவி ஸ்லைடை மேடையில் பொருத்தி, ஐம்பது மடங்கு லென்ஸைத் திருப்பி, கணினித் திரையில் கறுப்பு மணி ஒன்றைத் தேடிப் பிடித்தார். நடுவில் பச்சைப் பொட்டு ஒன்று வந்து நின்றது. திறனைக் குறைத்து வைத்துத்தான் தொடங்கினார். 668இல் மேடு எழும்பியது. மேக்னடைட்.

"பவரைக் கொஞ்சம் ஏத்திப் பாக்கலாமாம்மா? இன்னும் தெளிவா வருமே" என்றேன்.

"ஏத்தலாம் சார். ஆனா அந்த எடம் போச்சு, திரும்ப வராது. இருங்க, ஓரத்துல இருக்கற மணியில பண்ணிக் காட்டறேன்."

ஓரத்து மணிக்கு நகர்ந்தார். முதலில் அதே 668. பிறகு திறனை முழுசாக ஏற்றினார். திரையில் 668 மேடு தேய்ந்தது, 225 பக்கம் ஒரு புடைப்பு, அடுத்து 292, கொஞ்ச நேரத்தில் 1320 பக்கம் அகலமாக ஒன்று. லேசரை அணைத்துவிட்டு வெள்ளொளியில் பார்த்தபோது, மணியின் நடுவில் நிறம் மாறிய ஒரு வட்டப் புள்ளி.

"பாத்தீங்களா சார், இது நாம செஞ்ச ஹேமடைட்" என்று சிரித்தார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வெயிலில் லென்ஸ் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கிய அதே சங்கதிதான், அளவுதான் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மில்லிவாட் என்பது வகுப்பறையில் சுவரைச் சுட்டும் லேசர் பேனாவின் திறன். அதை ஒரு மைக்ரான் விட்டமுள்ள வட்டத்துக்குள் குவித்தால், சதுர மீட்டருக்கு 600 கோடி வாட்டுக்கு மேல் வருகிறது. நடுப்பகல் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். அதாவது அந்தப் பொட்டுக்குள் 60 லட்சம் வெயில். கறுப்பு மணி அத்தனையையும் உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்திலேயே காற்று, காற்றில் ஆக்சிஜன். மேக்னடைட் ஹேமடைட் ஆகாமல் என்ன செய்யும்? பெரிய மணியாக இருந்தால் சூட்டைச் சுற்றிலும் கடத்திக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பொடியாக இருந்தால் உடனே மாறிவிடும்.

ஹார்லோவ் குழு சேர்வராயனைப் பற்றி எழுதிய அதே 1997இல், பிரேசிலின் சாவோ பாவ்லோவில் டால்வா டி ஃபாரியாவும் அவருடைய சகாக்களும் இதைத்தான் எச்சரித்து எழுதினார்கள். இரும்பு ஆக்சைடுகளின் மேல் லேசர் திறனை ஏற்றினால் அவை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறிவிடும், கடைசியில் பெரும்பாலும் ஹேமடைட்டில் போய் நிற்கும் என்று காட்டினார்கள். இரும்பைப் பற்றிப் பேசும் ராமன் ஆய்வுகளில் அந்தக் கட்டுரையைச் சுட்டாதவை குறைவு. சுட்டுகிறார்களே தவிர, எல்லோரும் பின்பற்றுகிறார்களா என்பது வேறு கேள்வி. 'லேசர் 532 நானோமீட்டர்' என்று மட்டும் எழுதிவிட்டு, கல் மேல் விழுந்தது எத்தனை மில்லிவாட், பொட்டின் அகலம் என்ன, எத்தனை விநாடி என்று எழுதாமல் விடுகிற கட்டுரைகளை என்னால் ஏற்க முடிவதில்லை. மற்ற கல்லில் இது சின்னக் குறை. சேர்வராயன் கல்லில் பெரிய குறை. ஏனென்றால் இங்கே ஆராய்கிற விஷயமே ஹேமடைட் எப்படி வந்தது என்பதுதான். கேள்வி கேட்கிற விளக்கே பதிலையும் தயாரித்துக் கொடுத்துவிட்டால், 25 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்ததையும் ஆய்வக மேசையில் நடந்ததையும் எப்படிப் பிரிப்பது?

பிரிக்கலாம், ஆனால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. மூன்று ஹேமடைட்டும் அதே 225, 292, 411ஐத்தான் காட்டும். இடம்தான் காட்டிக்கொடுக்கும். இல்மனைட்டுக்குள் படிகத் திசையோடு வரிவரியாக நின்றால் அது ஆழத்துச் சிவப்பு. மணியின் ஓரத்திலும் விரிசலிலும் புகுந்து, ஒழுங்கில்லாமல் படர்ந்திருந்தால் மழைச் சிவப்பு. பக்கத்திலேயே நீர் சேர்ந்த இரும்புக் கனிமமான கோதைட்டும் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் பொட்டு வைத்த அதே இடத்தில், பொட்டின் அளவிலேயே வட்டமாக இருந்தால், அது உங்கள் கைவரிசை. ஆகவே லேசரை வைத்திருப்பவருக்கும் ஹாலந்தின் பழைய நுண்ணோக்கி தேவைப்படுகிறது. முதலில் உருவத்தைப் பார், பிறகு குறைந்த திறனில் கேள், திறனை மெல்ல ஏற்றி மேடுகள் இடம் மாறுகின்றனவா என்று சோதி, எல்லாம் முடிந்ததும் அந்த இடத்தைத் திரும்பப் பார். நேரம் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

ஒளி புகும் கனிமங்களில் இந்தத் தொல்லை குறைவு. சார்னோக்கைட்டின் குவார்ட்ஸ் மணிகளுக்குள் மைக்ரான் கணக்கில் குட்டிக் குமிழ்கள் சிக்கியிருக்கும். பச்சை ஒளியை மேற்பரப்பில் நிறுத்தாமல் கொஞ்சம் உள்ளே குவித்தால் குமிழிலுள்ளது என்ன என்று தெரிந்துவிடும். தென்னிந்தியாவின் இவ்வகைப் பாறைகளில் அடிக்கடி கிடைக்கும் விடை, 1285, 1388 என்ற இரட்டை மேடு. கரியமில வாயு. அந்த இரண்டு மேடுகளுக்கும் உள்ள இடைவெளி வாயு எவ்வளவு அடர்த்தியாக அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இம்மி இம்மியாக மாறும். அதிலிருந்து அழுத்தத்தை எட்டிப்பிடிக்கலாம். குமிழில் நீர் அரிது. நீர் இருந்திருந்தால் 750 டிகிரியில் பாறை உருகி ஓடியிருக்கும், சார்னோக்கைட்டாக நின்றிருக்காது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட வாதம். உப்புநீர்க் கட்சிக்காரர்களோ, அடர்ந்த உப்புநீரில் நீரின் செயல்வேகம் அடங்கிவிடும், அதனால் அது இருந்தும் பாறை உருகாமல் தப்பித்திருக்கலாம் என்பார்கள். நான் இரண்டாம் கட்சிப் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். ரூபிடியத்தைக் கழுவுவதற்குக் கரியமில வாயுவைவிட உப்புநீருக்குத்தான் கைத்திறன் அதிகம்.

கல்லைச் சுடக்கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். சுடுவதையே முறையாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பாறையின் வயது வேண்டுமென்றால் சிர்கான் மணி வேண்டும். அதில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று எண்ண வேண்டும். அதற்குப் புற ஊதா லேசரால் மணியின் முகத்தில் சில பத்து மைக்ரான் அகலத்துக்கு ஒரு குழி பறித்து, கிளம்பும் ஆவியை ஹீலியம் வாயுவில் ஏற்றி நிறை அளக்கும் கருவிக்கு அனுப்புகிறார்கள். சேலம் வட்டாரத்துச் சார்னோக்கைட் சிர்கான்களுக்கு இம்மாதிரி நுண்புள்ளி அளவைகளில் கிடைத்த வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. குழி விழுந்த மணியைப் பார்த்து யாரும் வருத்தப்படுவதில்லை. மணிக்குள் வளையம் வளையமாக வளர்ச்சி தெரியும். நடு வளையத்தில் ஒரு குழி, வெளி வளையத்தில் ஒரு குழி என்று பறித்தால், பாறைக் குழம்பு உறைந்த காலமும் பிறகு ஆழத்தில் வெந்த காலமும் தனித்தனியாகக் கிடைக்கும்.

இதைவிட முரட்டு முறையை நாம் நிலாவுக்கே அனுப்பினோம். சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தியில் இருந்த லிப்ஸ் கருவி, பெங்களூரில் இஸ்ரோவின் லியோஸ் ஆய்வகத்தில் செய்தது. லேசர் துடிப்பால் நிலாத் தரையைத் தாக்கி, ஒரு கணம் மின்னும் பிளாஸ்மாவின் நிறங்களைப் பிரித்து, எந்தெந்தத் தனிமம் என்று சொல்லும். 2023 ஆகஸ்ட் இறுதியில் தென் துருவப் பக்கம் கந்தகம் இருப்பதை அது உறுதிசெய்தது. அலுமினியம், கால்சியம், இரும்பு, குரோமியம், டைட்டானியம் என்று பட்டியலும் வந்தது. ஆனால் தனிமம் தெரிந்தால் கனிமம் தெரிந்ததாகாது. இரும்பும் ஆக்சிஜனும் இருக்கிறது என்று லிப்ஸ் சொல்லும். அது மேக்னடைட்டா ஹேமடைட்டா என்று சொல்லாது. அணுக்களின் அடுக்கையே கலைத்த பிறகு அடுக்கு எப்படி இருந்தது என்று கேட்க முடியாதல்லவா. செவ்வாயில் 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் சூப்பர்கேம் கருவியில் இரண்டு வேலைக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்: சுடுவதற்கு 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு, சுடாமல் விசாரிப்பதற்கு அதே லேசரின் அலைநீளத்தைப் பாதியாக்கிய 532 பச்சை.

சந்திரயானுக்கு நம் பக்கத்துக் கல்லோடு நேர் உறவும் உண்டு. தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க இஸ்ரோ தயாரித்த செயற்கை நிலாமண்ணுக்கு, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி வட்டாரத்து அனார்த்தசைட் பாறையைத்தான் எடுத்து அரைத்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கும் அதில் பங்கு இருந்தது. சித்தம்பூண்டிக்கு இந்தத் தொடர் போகும். ஆனால் அதற்கு முன் மலையடிவாரத்தில் ஒரு பாக்கி இருக்கிறது. சேலத்துக்கும் சேர்வராயனுக்கும் நடுவே, வெள்ளக்கல்பட்டிப் பக்கம் தோண்டியெடுக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட்டா, டோலமைட்டா, வெறும் சுண்ணாம்பா என்று கண்ணுக்குத் தெரியாது. சூடான அமிலம் ஊற்றிச் சோதித்தாலும் தகராறுதான். பச்சை ஒளியில் முதலாவது 1094, இரண்டாவது 1098, மூன்றாவது 1086. கருவி ஒழுங்காகச் சரிபார்க்கப்படாமல் நாலு எண் நகர்ந்திருந்தால் மேக்னசைட் டோலமைட்டாகிவிடும். செங்கல் சூளைக்குப் போகும் லாரிக்கு அதனால் எவ்வளவு நஷ்டம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.